ஆடு கிடைத்தவளும் மரம் கிடைத்தவளும்

எனக்கும் என் ஓரகத்திக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது. என் கணவரும் அவருடைய தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டபோது எழுப்பியது. செங்கல் போதாமல் நெஞ்சு உயரத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதனால் அந்தப் பக்கம் புதுக் குடம் வந்தாலும் எனக்குத் தெரியும், மீன் குழம்பு கொதித்தாலும் தெரியும், அவள் சிரித்தாலும் தெரியும். இன்னும் இரண்டு முழம் உயர்த்தியிருந்தால் நான் இதைவிட நல்ல மனுஷியாக இருந்திருப்பேன் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

பொறாமையைப் பற்றி எழுதுகிறவர்கள் அது ஏதோ ஒரு காலத்தில் இருந்தது, பிறகு போய்விட்டது என்று எழுதுகிறார்கள். எனக்குப் போகவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறது, கறி வாசனை வருகிறது, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் என்னைவிட இளையவள். எட்டாவதோடு நின்றவள். நான் ஜெயங்கொண்டத்தில் பிளஸ் டூ வரைக்கும் படித்து, பேச்சுப் போட்டியில் சோப்பு டப்பா பரிசு வாங்கியவள். இருந்தும் ஊரில் யாரைக் கேட்டாலும் அவளைத்தான் நல்லவள் என்று சொல்வார்கள். என்னைப் பற்றிக் கேட்டால், "அந்தம்மாவா, அது வாய்க்காரியாச்சே" என்பார்கள்.

எங்கள் ஊர் கல்லங்குறிச்சியைத் தாண்டி உள்ளே இருக்கிறது. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கம். என் கணவரும் கொழுந்தனாரும் கல் லாரி ஓட்டினார்கள். சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குப் போவதும் வருவதுமாக நாள் முழுக்க ஓட்டம். ஒரு மழை நாளில் என் கணவரின் லாரி பள்ளத்தில் கவிழ்ந்தது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது. கொழுந்தனார் இன்னும் ஓட்டுகிறார். சாயங்காலம் ஆனால் என் ஓரகத்தி வாசலில் வந்து நிற்பாள். தெருமுனையில் அவர் லாரியை நிறுத்தி ஒரு ஹார்ன் அடிப்பார். அதைக் கேட்ட பிறகுதான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைப்பாள். அந்த ஹார்ன் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கமும் கேட்கும்.

என் கணவர் போன மறு வருஷம் எனக்கு விலையில்லா ஆடுகள் கிடைத்தன. கணவனை இழந்தவளா, நிலம் இல்லாதவளா என்று பார்த்துக் கொடுத்தார்கள். நான் இரண்டிலும் தேறினேன். கால்நடை டாக்டரோடு சந்தைக்குப் போய் நானே பல்லைப் பிடித்துப் பார்த்துப் பொறுக்கினேன். ஒவ்வொன்றின் காதிலும் மஞ்சள் வில்லை ஒன்றைக் குத்தி அனுப்பினார்கள். என் காதுத் தோட்டை அப்போதுதான் கழற்றி மகளுக்குப் போட்டிருந்தேன். எனக்குப் போன தோடு ஆட்டுக்கு வந்திருக்கிறது என்று நானே சொல்லிச் சிரித்தேன். அழாமல் இருப்பதற்காகச் சிரித்த சிரிப்பு அது.

ஆடுகளைக் கொண்டுவந்து கட்டிய அன்று என் ஓரகத்தி சுவர் மேல் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "ஒங்களுக்கென்னக்கா, ஆடு வந்துருச்சு. எங்களையெல்லாம் யாரு கண்டுக்கறா?" என்றாள்.

ஆடு வந்துவிட்டதாம், எனக்கு என்ன குறை என்று கேட்கிறாள். புருஷனைக் கொடுத்து ஆட்டை வாங்கினேன் என்கிறாளா? அப்போதே கேட்டிருப்பேன். வாய்க்காரி என்று பெயர் வாங்கியவளுக்கு வாய் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. அவள் வீட்டு விசேஷத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறேன், அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறேன், ஆனால் அந்த வார்த்தை மட்டும் வயிற்றில் கல்லாகக் கிடந்தது.

ஆடுகள் என்னைக் காப்பாற்றின. மகள் பெரம்பலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தாள். ஃபீஸ் கட்டச் சொல்லி போன் வரும்போதெல்லாம் ஒரு கிடா சந்தைக்குப் போகும். ஆடு பெருகினால் அவள் படிப்பாள், ஆடு மெலிந்தால் திரும்பி வந்துவிடுவாள். எனக்கு வேறு கணக்குக் கிடையாது.

ஆடு மேய்ந்தது ஊர் ஏரியில். ஏரி என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர, தண்ணீர் நின்று பார்த்த ஞாபகம் யாருக்கும் இல்லை. உள்ளே பூராவும் சீமைக் கருவேலம். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். நிலத்தடித் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிடும், வேறு எதையும் முளைக்கவிடாது என்பார்கள். உண்மைதான். ஆனால் சித்திரை வைகாசியில் ஊரில் ஒரு பச்சை இலை இல்லாதபோது கருவேலம் மட்டும் மஞ்சள் மஞ்சளாக நெற்றை உதிர்க்கும். இனிப்பாக இருக்கும். ஆடுகள் அடித்துப் பிடித்துத் தின்னும். காய்ந்த குச்சி என் அடுப்புக்கு, நெற்று என் ஆட்டுக்கு. அந்த மரத்தை எல்லாரும் திட்டுவதைக் கேட்டு நானும் திட்டியிருக்கிறேன், திட்டிக்கொண்டே ஆட்டை அதன் அடியில் ஓட்டியிருக்கிறேன்.

மே தினத்துக் கிராம சபையில் தலைவர் மைக்கைப் பிடித்து, ஏரியில் இருக்கும் கருவேலத்தை வேரோடு பிடுங்கப் போகிறோம் என்று அறிவித்தார். நூறு நாள் வேலையில் தூர்வாரி, கரையெல்லாம் நாவல், புங்கன், வேம்பு வைப்பார்களாம். வைத்துவிட்டுப் போய்விடுவதில்லை. கன்றுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்து மரமாக்குவதே வேலை, அதற்கே கூலி. அந்த வேலைக்கு நாலைந்து பெண்களும் அவர்களுக்கு ஒரு பொறுப்பாளரும் வேண்டும் என்றார்.

எனக்கு அந்தப் பொறுப்பு வேண்டும் என்று உடம்பெல்லாம் பறந்தது. மண்வெட்டி பிடித்து இடுப்பு ஒடிய வேண்டாம். குடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆளைக் கூப்பிட்டு வேலை சொல்ல வேண்டும், ஆபீசர் வந்தால் பேச வேண்டும். பேசுவதற்கு என்னைவிட்டால் இந்த ஊரில் யார்? கூட்டம் முடிந்ததும் தலைவரிடம் போய் நின்றேன்.

"ஏம்மா, ஒங்ககிட்டதான் ஆடு இருக்கே" என்றார். "ஆடு வச்சிருக்கறவங்ககிட்ட கன்னைக் குடுத்தா ஊரு சிரிக்காதா? நாளைக்கு ஒரு எலை கொறைஞ்சாலும் ஒங்களைத்தானே சொல்லுவாங்க. ஒங்களுக்கு ஒண்ணு வந்துருச்சு. இன்னொருத்தருக்கு இது போகட்டும்மா."

இன்னொருத்தர் யார் என்று நான் சொல்லவே வேண்டாம்.

பொக்லைன் வந்தது. ஒரே வாரத்தில் ஏரி வெட்டவெளியாகிவிட்டது. ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு, இனி ஏரிக்குள் ஆடு மாடு விடக்கூடாது என்று தெருத்தெருவாகச் சொல்லிப் போனார்கள். என் வீட்டு முன்னால் மட்டும் இரண்டு தடவை சொன்னதாக எனக்குத் தோன்றியது. அதன் பிறகு நான் ஆடுகளை லாரி போகும் ரோட்டோரமாக ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே இருக்கும் செடியெல்லாம் வெள்ளைப் பொடி பூத்துக் கிடக்கும். ஆடு வாயை வைத்துவிட்டுத் தும்மும். பின்னாலிருந்து லாரி ஹார்ன் அடித்தால் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவேன். ஆடிக்குள் ஆடுகளின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

அந்த ரோட்டிலிருந்து பார்த்தால் ஏரிக்கரை தெரியும். என் ஓரகத்தி தலையில் தொப்பி வைத்துக்கொண்டு, சேலைக்கு மேலே கொழுந்தனாரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, கையை நீட்டி நீட்டிக் குழி எடுக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டிருப்பாள். கூட இருக்கிற பெண்கள் எதற்கோ சிரிப்பார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவ்வளவு தூரத்திலிருந்து என்னைப் பார்க்கவே முடியாது என்பதும் தெரியும். அவளைப் பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன், திருப்பிய கழுத்து தானாக அந்தப் பக்கம் போகும். தொப்பிகூட அவளுக்கு எடுப்பாக இருந்தது.

புரட்டாசியில் ஒரு காலை நேரம், சுவர் மேல் அவள் முகம் தெரிந்தது.

"அக்கா, ஆட்டு எரு இருக்குமா? நாளைக்கு ஆபீசருங்க வர்றாங்களாம். கன்னு லாரி இன்னைக்கே வந்துருச்சு. குழிக்குப் போட எரு இல்ல."

கொட்டகைக்குப் பின்னால் கோடை முழுக்கக் கூட்டிக் குவித்த புழுக்கை மலையாகக் கிடந்தது. கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் ஆடு பட்டினி கிடக்க, அவள் மரத்துக்கு விருந்தா? ஆனால் இல்லை என்று சொல்லவும் முடியாது, அது கண்ணெதிரே கிடக்கிறது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அது இன்னும் மக்கலடி. மக்காம போட்டா நல்லதில்ல. ரெண்டு மாசம் போகட்டும்."

"நாளைக்கு வர்றாங்கக்கா. நாளைக்குக் குழியில எரு இல்லன்னா என்னைத்தான் கேப்பாங்க. ஆட்டு எருதானே, என்ன பண்ணிடப் போவுது?"

அவள் 'என்னைத்தான் கேப்பாங்க' என்று சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது. கேட்கப்படுகிற இடத்தில் அவள் இருக்கிறாள், நான் இல்லை. சரி, அள்ளிக்கொண்டு போ என்றேன். இந்தக் கரை என் ஆட்டு எருவில் பச்சையானது என்று ஊரில் நாலு பேருக்காவது தெரியட்டும் என்று ஒரு நப்பாசை. கூடை கூடையாகப் போயிற்று. மறுநாள் வந்தவர்கள் குழியைப் பார்த்து, எரு நல்லபடியாகப் போட்டிருக்கிறீர்கள் என்று பாராட்டினார்களாம். அவளைத்தான்.

ஐப்பசி மழை நன்றாகப் பிடித்தது. ஒருநாள் அவள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்: "அக்கா! ஒங்க எருவு நல்ல எருவுக்கா. குழியெல்லாம் பச்சைப் பச்சையா கெளம்புது. நட்டது ஒண்ணு, அதைச் சுத்தி இன்னும் என்னென்னமோ மொளைக்குது. கொடுக்காப்புளியா இருக்கும்னு சொல்றாங்க. புடுங்க மனசு வரல, அதுக்கும் சேத்துத் தண்ணி ஊத்திட்டு வரோம்."

அந்தச் சந்தோஷத்தைக் கேட்டு எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ரோட்டில் ஆட்டை நிறுத்திவிட்டுக் கரைக்கு ஏறினேன். முதல் குழியில் குனிந்து பார்த்தேன். ஊசி ஊசியாகச் சின்ன இலை. கணுவுக்குக் கணு இரட்டை முள், இன்னும் முற்றாமல் பிஞ்சாக இருந்தது. அடுத்த குழியிலும் அதேதான். அதற்கடுத்த குழியிலும் அதேதான். பொக்லைன் வைத்துப் பிடுங்கி எறிந்த சீமைக் கருவேலத்தை, குழி வெட்டி, எரு போட்டு, வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றி, கூலியும் கொடுத்து, ஊரே சேர்ந்து வளர்த்திருக்கிறது. கோடையில் என் ஆடுகள் தின்ற நெற்று. கொட்டை வயிற்றில் செரிக்கவில்லை. புழுக்கையோடு வந்து, குவியலில் படுத்திருந்து, குழிக்குப் போனதும் எழுந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால் வயிறு குளிர்ந்தது. வீடு திரும்பும்வரை அந்தக் குளிர்ச்சி இருந்தது. தெருவுக்குள் நுழைந்ததும் அடங்கிவிட்டது.

அது கருவேலம் என்று வேறு யாரோ பார்த்துச் சொல்லி, ஊர் அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டிருந்தது. வயிற்றெரிச்சலில் வேண்டுமென்றே கொட்டையைக் கலந்து கொடுத்திருக்கிறாள் என்றார்கள். படித்தவள் இல்லையா, அவளுக்குத்தான் இந்த மூளை வரும் என்றார்கள். என் மூளையை இந்த ஊர் மெச்சியது அந்த ஒரு தடவைதான். குழாயடியில் பேச்சு நின்றது. கார்த்திகையில் கூட்டம் போடுகிறார்கள், அதில் இனி ஊருக்குள் ஆடே வளர்க்கக்கூடாது என்று தீர்மானம் வரும், என் ஆடுகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கால்நடை ஆபீசுக்கு எழுதுவார்கள் என்று என் காதுபடவே சொன்னார்கள். மகள் கடைசி வருஷத்தில் இருந்தாள். கல்லங்குறிச்சிப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பி, பாதி வழியில் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். என் ஆடு தப்பிக்க வேண்டும் என்றா, அவள் மரம் பட்டுப்போக வேண்டும் என்றா? இரண்டையும் ஒரே வாயால் எப்படிக் கேட்பது?

கூட்டம் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. ஒன்றியத்திலிருந்து ஓவர்சியர் வந்திருந்தார். எரு எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்டார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஒருவர் எழுந்து, ஏரியைப் பாழாக்கியதே ஆடுதான், ஊருக்குள் ஆடே வேண்டாம் என்றார். நாலு பேர் ஆமாம் என்றார்கள். அப்போது எனக்கு வாய் வந்தது.

"ஆட்டைக் குடுத்தது யாரு சார்? கவர்மெண்டு. கன்னைக் குடுத்தது யாரு? அதே கவர்மெண்டு. கருவையை வெட்டுன்னு சொன்னது யாரு? அதுவும் நீங்கதான். ஆட்டைக் குடுத்த ஆபீசும் கன்னைக் குடுத்த ஆபீசும் குடுக்கறதுக்கு முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் பாத்து, இது என்னத்தைத் திங்கும், அது எங்க வளரும்னு ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா? அங்க பேச வேண்டியதைப் பேசாம, இங்க ரெண்டு பொம்பளைங்களைச் செவுத்துக்கு அந்தாண்டையும் இந்தாண்டையும் நிறுத்திச் சண்டை போட வுடறீங்களே!"

யாரோ சிரித்தார்கள். தலைவர், "சண்டைக்கு வராதீங்கம்மா, இப்ப ஒக்காருங்க" என்றார். ஓவர்சியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் உட்கார்ந்தேன்.

என் ஓரகத்தி எழுந்தாள். அவளுக்குக் கூட்டத்தில் பேச வராது. முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே, தரையைப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா மேல தப்பு இல்லைங்க. மக்கல, ரெண்டு மாசம் போகட்டும்னு அக்கா சொன்னாங்க. நாந்தான் கேக்கல. நீங்கள்லாம் வர்றீங்கன்னு அவசரப்பட்டு அள்ளிட்டு வந்துட்டேன். மொளைச்சதை நாங்களே புடுங்கிடறோம், இப்பவே புடுங்குனா வேரோட வந்துரும். அப்பறம் சார், ஆடுங்க எலும்பும் தோலுமா இருக்குதுங்க. நான் தெனமும் செவுத்து மேல பாக்கறேன். கரைக்கு வெளிப்பக்கமா அகத்தியும் சவுண்டலும் ஒரு வரிசை போட்டுக்கலாம். அதுக்கும் நாங்களே தண்ணி ஊத்தறோம். அக்கா ஆட்டைக் கட்டிப்போட்டு வளக்கட்டும், தழையை நாங்க வெட்டிக் குடுத்துடறோம்."

கை தட்டினார்கள். நான் மனம் இல்லாமல் சொன்ன ஒரு சாக்கு உண்மையாகிப் போய் என் ஆடுகளைக் காப்பாற்றியது, அதுவும் அவள் வாயால். அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் எனக்கு வந்ததோ வேறு. நல்லவளாக இருக்கிற வாய்ப்புகூட அவளுக்குத்தான் கிடைக்கிறது, எனக்கு ஏன் கிடைப்பதில்லை என்றுதான் வந்தது. என் ஆட்டின் விலா எலும்பைச் சுவர் மேலிருந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவள் குழம்பு வாசனையைத்தான் மோந்துகொண்டிருந்தேன்.

கருவேலம் பிடுங்குகிற வேலைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். குழிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். பிஞ்சுச் செடியாக இருந்தாலும் வேர் இழுக்க இழுக்கப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு தடவை அவள் விரலில் முள் ஏறி ஒடிந்துவிட்டது. தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். நான் முள்ளை எடுத்தேன். வலித்தாலும் அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஊக்கைத் திருப்பிக் கொடுத்தேன், மறுபடி கயிற்றில் மாட்டிக்கொண்டாள். எனக்கு ஊக்கு மாட்ட ஒரு கயிறு இல்லை என்று தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் கன்றுகள் ஆள் உயரம் வந்தன. அரியலூரில் கலெக்டர் ஆபீசில் ஒரு கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். மற்ற ஊர்ப் பொறுப்பாளர்களுக்கு அவள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். தனியாகப் போகப் பயம், நீங்களும் வாங்கக்கா என்றாள். போனேன். பின்வரிசையில் நாற்காலி கிடைத்தது. அவளுக்கு மேடையில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். மைக்கைப் பிடித்து, தரையைப் பார்க்காமல், நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"ஆட்டைக் குடுத்த ஆபீசும் கன்னைக் குடுத்த ஆபீசும் முன்னாடியே பேசிக்கிட்டா, நாங்க செவுத்துக்கு அந்தாண்டையும் இந்தாண்டையும் நின்னு சண்டை போட வேண்டியதில்லைங்க."

கூடம் முழுக்கக் கைதட்டல். பெரிய பெரிய அதிகாரிகள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். இனி தீவன மரம் இல்லாமல் எந்த ஏரிக்கரைக்கும் கன்று கொடுக்க வேண்டாம் என்று மேடையிலேயே பேசிக்கொண்டார்கள். நான் சொன்னபோது அது சண்டை. உட்காரு என்றார்கள். பொட்டு வைத்த நெற்றியிலிருந்து வந்தால் அதுவே அனுபவம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்குப் போட்ட சால்வை என் மடியில் இருந்தது. கூட்டத்தில் கசங்கிவிடும் என்று என்னிடம் கொடுத்திருந்தாள்.

"அது ஒங்க வார்த்தைக்கா" என்றாள் மெதுவாக. "ஒங்களைச் சொல்லணும்னுதான் நெனச்சேன். மைக்கைப் பாத்ததும் மறந்துபோச்சு."

"வார்த்தையில என்னடி இருக்கு? ஆடா, மாடா?" என்றேன். கல்லங்குறிச்சி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். சால்வையை வேண்டுமென்றே கொஞ்சம் கசக்கினேன்.

அகத்தியும் சவுண்டலும் வளர்ந்துவிட்டன. தினமும் காலையில் வேலைக்குப் போய்விட்டு வரும்போது அவள் ஒரு கட்டுத் தழை கொண்டுவந்து சுவர் மேலாகப் போடுவாள். என் ஆடுகள் உருண்டு திரண்டுவிட்டன. மகள் படித்து முடித்துப் பெரம்பலூரிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அதற்கெல்லாம் சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் இந்த ஆடுகள் இருக்கின்றனவே, அவள் கால் சத்தம் கேட்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கத்துகின்றன. பிரசவம் பார்த்தவள் நான், புழுக்கை கூட்டுகிறவள் நான். நான் பக்கத்தில் போனால் அசைபோட்டுக்கொண்டு சும்மா நிற்கும். அவள் குரல் கேட்டால் குட்டியெல்லாம் துள்ளும். ஆட்டுக்குப் போய்ப் பொறாமைப்படுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம்.

போன தை மாதம் வெள்ளைப் பெட்டை ஒன்று நல்ல குட்டி போட்டது. பால் மறந்த பிறகு அது எந்நேரமும் சுவரோரமாகவே நின்றது. ஒருநாள் காலை எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. எத்தனையோ வருஷமாக வயிற்றில் கிடக்கும் 'ஆடு வந்துருச்சு' என்ற அந்த வார்த்தையை இதோடு தீர்த்துவிடலாம். குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவர் மேல் வைத்தேன். அந்தப் பக்கம் கொழுந்தனார் நைட் டூட்டி முடித்து வந்து கயிற்றுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"புருஷன் இருக்கறவளுக்கு கவர்மெண்டு ஆடு குடுக்காதாம். நான் குடுக்கறேன். புடி."

அவள் நுரைக் கையோடு எழுந்து வந்தாள். குட்டி அவளைப் பார்த்துக் கத்தியது. சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். விரல் அதன் ரோமத்தில் படப்போகிற நேரத்தில் நின்றுவிட்டது. முகம் மாறிப்போயிற்று. திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்து, ஒரு கையைக் கீழே தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு வருகிறதா என்று பார்ப்பது போல் பார்த்தாள். நீட்டிய இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்கா" என்றாள். "தப்பா எடுத்துக்காதீங்க. தழை எவ்ளோ வேணும்னாலும் கொண்டாந்து போடறேன். ஆடு மட்டும் வேணாங்கா."

எங்கள் தெருவில் ஒரு சாவுக்குப் பின்னால் ஆடு எப்படி வந்தது என்பதை அவள் கண்ணால் பார்த்தவள். அவளைப் பொறுத்தவரை என் கொட்டகையில் நிற்பது ஆடு இல்லை. அன்றைக்கு 'ஒங்களுக்கென்னக்கா' என்று சொன்ன வாயை அவள் எத்தனை சாயங்காலம் வாசலில் நின்று கடித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. மரத்துக்கும் மேடைக்கும் சால்வைக்கும் நான் பட்டதெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. அவளுக்கு, என்ன ஆகிவிடுமோ என்று பயப்படுவதற்கு ஒரு ஆள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் இந்த உலகத்தில் எந்த ஆட்டையும் யார் கையிலிருந்தும் வாங்கிக்கொள்ளலாம், ஒரு பயமும் இல்லை.

"சரி வுடு" என்று சொல்லிக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் இடத்தில் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் சுவர் மேலாக ஒரு கட்டு அகத்தி வந்து விழுந்தது. வழக்கத்தைவிடப் பெரிய கட்டு. குட்டி ஓடிப்போய் வாயை வைத்தது.